நகத்துக்கு அடியில் ஏழு வருஷம்

அந்த மில்லில் ஒரே காலத்தில் இரண்டு கட்டிகள் இருந்தன. ஒன்று ரீலிங் மேஸ்திரி நரசிம்மலுவின் பிடரியில், கொய்யாக்காய் பருமனில். இன்னொன்று ராசாத்தாளின் இடது கை மோதிர விரலில், நகத்துக்கு அடியில், ஒரு கம்பு மணி அளவில். மேஸ்திரியின் கட்டி ஒரு நாளும் வலித்ததில்லை. ஆனாலும் அதை விசாரிக்காமல் அவரைக் கடந்துபோன ஆள் சிங்காநல்லூரில் கிடையாது. ராசாத்தாளின் கட்டி ஏழு வருஷம் வலித்தது. அப்படி ஒன்று இருப்பதாக ஒருத்தரும் நம்பவில்லை. நம்பாதவர்களில் ஒரு டாக்டரும் உண்டு.

மேஸ்திரியின் கட்டியை மில் டாக்டர் பாலகோபால் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். அது தோலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. வெறும் கொழுப்பு, இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். சட்டைக் காலருக்கு இடைஞ்சல் என்று மேஸ்திரி அபிப்பிராயப்பட்டதால் 1957இல் அதை அறுத்து எடுத்தார்கள். பத்து நாள் லீவு கொடுத்தார்கள். மானேஜரே ஆரஞ்சுப் பழத்தோடு வீடு தேடிப் போய்ப் பார்த்தார். ரீலிங் பெண்கள் கூட்டமாகப் போனார்கள். ராசாத்தாளும் போனாள், போகாவிட்டால் நன்றாயிருக்காது. திரும்பி வரும் வழியில், பக்கத்து மெஷினில் நிற்கும் உக்கடத்துக்காரி உம்மல் குல்சுமிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"என்ற நோவும் பிடரியில வந்திருக்கோணும் புள்ளே."

ராசாத்தாள் சூலூருக்குக் கிழக்கே ஒரு காட்டுச்சாளை வீட்டில் பிறந்தவள். கிணறு வற்றி, மாடு விற்று, பூமியைப் போகியத்துக்கு விட்டுவிட்டு டவுனுக்கு வந்த குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. பம்ப் செட் கம்பெனியில் கடைசல் பிடிக்கும் தம்பிதுரையைக் கட்டிக்கொண்டு மில் பக்கத்து லைன் வீட்டில் குடியேறினாள். 1950இல் ரீலிங்கில் சேர்ந்தாள். நூல் கண்டிலிருந்து இழையைச் சட்டத்தில் சுற்றிச் சிட்டமாக்கும் வேலை. சிட்டங்கள் கைத்தறிக்காரர்களுக்குப் போகும். நூல் அறுந்தால் நுனியை விரலால் தடவித் தேடி, பிடித்து, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை முடி என்று யாரும் எண்ணியதில்லை. ராசாத்தாள் போடும் முடி மட்டும் கைத்தறியில் சிக்காது என்று பெயர் இருந்தது. அவளுக்கு வாய் அதிகம் என்றும் பெயர் இருந்தது. முதல் பெயரால் அவளுக்கு எந்தப் பிரயோசனமும் ஏற்படவில்லை. இரண்டாவது எல்லா இடத்துக்கும் அவளுக்கு முன்னால் போய் நின்றது.

1953 மார்கழியில் ஒரு காலை, குழாயடியில் குடத்தைக் கழுவக் கையை நனைத்தபோது அது முதன்முதலாக வந்தது. நகத்துக்கும் சதைக்கும் நடுவில் சீப்பின் பல்லை விட்டு யாரோ திருகியதுபோல் இருந்தது. வலி விரலில் தொடங்கி முழங்கைக்கு ஏறி, அக்குளுக்குப் போய், கழுத்து வரைக்கும் இழுத்தது. குடம் உருண்டது. கால் மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிவிட்டது. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீக்கம் இல்லை, சீழ் இல்லை, சிவப்பு இல்லை. காட்டுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. இது பெரிய குறை என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு அது தன் பழக்கவழக்கங்களை ஒவ்வொன்றாகத் தெரியப்படுத்தியது. குளிர் ஆகாது. பச்சைத் தண்ணீர் ஆகாது. நகத்தின் ஓரங்களை எவ்வளவு அழுத்தினாலும் சும்மா இருக்கும். நடுவில், அடிப்பக்கமாக, ஒரு புள்ளி இருந்தது; அதில் சேலை நுனி பட்டால்கூட உட்கார வைத்துவிடும். சட்டத்தின் கம்பி இடித்தால் பேச்சே வராது. சித்திரை வெயிலில் சாதுவாக இருக்கும். ஐப்பசி பிறந்தால் தலை தூக்கும்.

லைன் வீட்டார் கூடிப் பேசி நகச்சுத்தி என்று முடிவு செய்தார்கள். நகச்சுத்திக்கு மருந்து எலுமிச்சம்பழம் என்பதில் இந்தச் சீமையில் ஜாதி மத வித்தியாசமே இல்லை. பழத்தில் துளை போட்டு, உள்ளே மஞ்சளும் உப்பும் வைத்து, விரலுக்குக் குல்லாய்போல் மாட்டிவிட வேண்டும். பனியில் கிடந்த பழம். அதை மாட்டியபோது ராசாத்தாள் போட்ட சத்தத்தில் எதிர் லைன்காரர்கள் பாம்பு என்று நினைத்துத் தடியோடு வந்தார்கள். மாமியார் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சூடு எறங்குது, பொறுத்துக்கோ என்றாள். ஏழு நாள், ஏழு பழம். நகச்சுத்திக்கு எலுமிச்சை கேட்குமா கேட்காதா என்பது வேறு விஷயம். குளிர்ந்தால் உயிர் போகும் விரலுக்குக் குளிர்ந்த பழத்தை மாட்டிவிட்டு, அவள் கத்தக் கத்த மருந்து வேலை செய்கிறது என்று அத்தனை பேரும் சந்தோஷப்பட்டார்கள். எட்டாம் நாள் அவள் பழத்தை உருவிச் சாக்கடையில் எறிந்தாள். மருந்தைப் பாதியில் நிறுத்தியதால்தான் குணமாகவில்லை என்று அதற்கப்புறம் ஏழு வருஷமும் சொல்லிக் காட்டினார்கள்.

மில் டிஸ்பென்சரிக்கு அவள் பதினொரு தடவை போனாள். முதல் தடவை களிம்பு. இரண்டாவது தடவை ஊசி. மூன்றாவது தடவை பி வைட்டமின். நாலாவது தடவையிலிருந்து டாக்டர் பாலகோபால் விரலை விட்டுவிட்டு மனுஷியை விசாரிக்கத் தொடங்கினார். புருஷன் குடிப்பானா, அடிப்பானா, மாமியார் எப்படி, குழந்தை எத்தனை. புருஷன் குடிக்கவில்லை, குழந்தை இரண்டு, மாமியார் மாமியார் மாதிரி என்று பதில் சொன்னாள். அவர் சீட்டில் 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதினார். மதராஸில் தங்கப் பதக்கம் வாங்கிப் படித்தவர், தொழிலில் நேர்மையானவர், ஏழைகளிடம் இரக்கம் உள்ளவர். தம்பிதுரையைப் பற்றி அவர் விசாரித்த நேரத்தில் நகத்தைப் பத்துத் தரம் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இரக்கத்துக்குக் கண் அவசியமில்லை என்று நினைத்திருப்பார்.

தம்பிதுரை நல்லவன். முதல் வருஷம் முழுக்க நம்பினான். பச்சைத் தண்ணீர் வேலைகளைத் தானே செய்தான். அதற்காக லைனில் கேலியும் வாங்கினான். இரண்டாம் வருஷம் அந்த நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. எந்நேரமும் விரலையே நினைத்துக்கொண்டிருந்தால் நோகத்தான் நோகும் என்று ஒரு நாள் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். அன்றைக்கு ராசாத்தாள் சோற்றுச் சட்டியை இறக்கி வைத்த சத்தம் டாக்டரிடம் அவள் போட்ட எந்தச் சத்தத்தையும்விடப் பெரியது.

கோபம் அவளுக்கு அப்போதுதான் ஊன்றியது. வலி வரும், போகும். கோபம் வந்தது வந்ததுதான். ஒரு கட்டத்தில் வலியைவிட, வலிக்கும்போது மற்றவர்கள் முகத்தில் வரும் அந்தப் பொறுமையான பார்வைதான் அவளை அதிகம் எரித்தது.

நூல் விஷயம் தற்செயலாகத் தெரிந்தது. 1956இல் ஒரு நாள், வலி உச்சத்தில் இருக்கும்போது, அறுந்த நூல் ஒன்று அவள் விரலின் அடிக்கணுவில் சுற்றிக்கொண்டது. மெஷின் இழுத்து இறுக்கியது. விரல் வெளுத்துப்போனது. அவள் சட்டத்தை நிறுத்திவிட்டு நூலை அவிழ்க்கப் போனவள், சட்டென்று கையை நிறுத்தினாள். வலி இல்லை. புள்ளியைத் தொட்டுப் பார்த்தாள். இல்லை. அழுத்திப் பார்த்தாள். அப்போதும் இல்லை. நூலை அவிழ்த்தாள். விரலில் ரத்தம் ஏறியது. கூடவே அதுவும் திரும்பி வந்தது. வேறு ஆளாக இருந்தால் சாமியைக் கும்பிட்டிருப்பார்கள். ராசாத்தாள் மறுபடி கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள். ஐந்து தரம் செய்து பார்த்த பிறகுதான் நம்பினாள். பிறகு ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். வலி தாங்க முடியாதபோது ஆறு சுற்று. இருநூறு எண்ணும் வரைக்கும். அதற்கு மேல் போனால் விரல் கறுக்கும், அவிழ்த்துவிட வேண்டும். குணம் இல்லை, இருநூறு எண்ணுகிற நேரத்துக்கு மனுஷி.

விரலில் நூலைப் பார்த்தவர்கள் அதை மந்திரித்த கயிறு என்று எடுத்துக்கொண்டார்கள். விரல் வலியை நம்பாதவர்கள் எல்லாரும் கயிற்றை உடனே நம்பினார்கள். யார் மந்திரித்தது, எத்தனை நாள் கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். அவள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி அனுப்பினாள். எட்டாம் தடவை டிஸ்பென்சரிக்குப் போனபோது பாலகோபாலும் நூலைப் பார்த்தார். சிரித்தார். கயிற்றில் நம்பிக்கை இருக்கிறவர்களுக்கு மாத்திரை எதற்கு என்று கேட்டு, மூட நம்பிக்கையைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசினார். அவர் தேடவேண்டிய விடை அந்த நூலில்தான் ஆறு சுற்றாகக் கிடந்தது. கல்வியும் அறிவும் கூடிப் பேசியதில் அது கேட்காமலே போய்விட்டது.

1961 ஜனவரியில், மோசமாக முடிச்சு விழுந்த சிட்டம் என்று மேஸ்திரி நரசிம்மலு ஒரு கட்டைத் தூக்கி வந்து ராசாத்தாள் முன்னால் போட்டார். அது அவளுடையது இல்லை. யாருடையது என்று மெஷின் நம்பரோடு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். அது மேஸ்திரியின் கொழுந்தியாள் நிற்கும் மெஷின். மறுநாள் ராசாத்தாளை ஈரக்காற்றுக் குழாய்க்கு நேர் கீழே உள்ள மெஷினுக்கு மாற்றினார்கள். நூல் அறாமல் இருக்க மேலேயிருந்து தண்ணீர் பனிபோல் தூவிக்கொண்டே இருக்கும் இடம். நூலுக்கு நல்லது. அந்த வாரம் முழுக்க அவள் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்தபோது, அப்போதுதான் கட்டிய நூலை அவிழ்க்காமல் கேட்டுக்கு வந்துவிட்டாள்.

கேட்டில் பெண்களைச் சோதிக்க ஒரு தடுப்பு உண்டு. கொண்டை, முந்தானை, மடி எல்லாம் பார்ப்பார்கள். மில் நூல் ஒரு முழம் வெளியே போனாலும் திருட்டுதான். கனகாம்பரம் கட்ட நூல் எடுத்துப் போனவள் வேலை இழந்த கதையும் உண்டு. மேஸ்திரி வீட்டுக்குப் பூக் கொடுப்பவளின் நூல் யார் கண்ணுக்கும் தெரியாமல் போன கதையும் உண்டு. ஆனால் மந்திரித்த கயிற்றை மட்டும் அந்தத் தடுப்பில் ஒருபோதும் தொட்டதில்லை. சாமி காரியம். சோதனை போடும் அம்மாள் ராசாத்தாளின் விரலைப் பார்த்துவிட்டு, எந்தக் கோயில் அம்மணி என்று பிரியமாகத்தான் கேட்டாள்.

"கோயிலும் இல்லை, கொளமும் இல்லைங்க. மில் நூலுதான்," என்றாள் ராசாத்தாள்.

பத்தடி தள்ளி மேஸ்திரி நின்றிருந்தார். திங்கள்கிழமை குற்றப் பத்திரிகை வந்தது. இரண்டு சாண் நாற்பதாம் நம்பர் நூல் திருடியதாக எழுதியிருந்தது. விசாரணை முடியும் வரை வேலை கிடையாது. திருட்டு நிரூபணமானால் பிறகு எப்போதும் கிடையாது. மில்லில் திருடியவள் என்று பெயர் வாங்கியவளைக் கோயமுத்தூரில் வேறு எந்த மில்லும் சேர்க்காது.

அந்த ஒரு வாரம் எல்லாரும் அவளுக்கு ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். சாமி கயிறு என்று சொல்லிவிடு. மருதமலை என்று சொல்லிப்போடு என்றான் தம்பிதுரை. தர்காவில் ஓதிக் கட்டியது என்று சொல், நானே வந்து சாட்சி சொல்கிறேன் என்றாள் உம்மல் குல்சும். குல்சும் பொய் சொல்கிறவள் இல்லை. சிநேகிதிக்காக ஒன்று சொல்லத் தயாராக இருந்தாள். ராசாத்தாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நோவுக்குக் கட்டுனேன்னா வேலை போயிரும். பேயிக்குக் கட்டுனேன்னா வேலை இருக்கும். நல்லா இருக்குதுடி உங்க நாயம். என்ற விரல்ல பேயி இல்லை. இருந்திருந்தா இத்தனை நாளைக்கு அதுவே ஓடிப்போயிருக்கும், என்ற வாய்க்குப் பயந்து."

குல்சும் சிரித்துவிட்டாள். தம்பிதுரை சிரிக்கவில்லை.

விசாரணை லேபர் ஆபீசரின் அறையில் நடந்தது. ஆபீசர், எழுத ஒரு குமாஸ்தா, புகார் சொன்ன மேஸ்திரி, தொழிலாளி தரப்பில் உம்மல் குல்சும். உடம்பு சரியில்லாமல் கட்டியதாக ராசாத்தாள் எழுதிக் கொடுத்திருந்ததால் டாக்டர் பாலகோபாலையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆபீசர் நல்ல மனுஷன். ஒரு நல்ல தொழிலாளியை இரண்டு சாண் நூலுக்காக வெளியே அனுப்ப அவருக்கு மனமில்லை. தானாகவே வழியைத் திறந்துவிட்டார்.

"இங்க பாரம்மா. அது கோயில் கயிறுன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் எழுதிக்கறேன். நீ மெஷினுக்குப் போயிரலாம்."

"கோயில் கயிறில்லீங்க. மில் நூலுங்க. நோவு வந்தா இறுக்கிக் கட்டுவேனுங்க. கட்டுனா நோவு நின்னு போகுமுங்க."

பாலகோபால் தலையை ஆட்டிக்கொண்டார். "நூல் கட்டினா வலி நிக்கும்னா நாங்க எல்லாம் எதுக்கும்மா அஞ்சு வருஷம் படிக்கறோம்?"

"அதைத்தானுங்க டாக்டருங்க, நானும் ஏழு வருஷமா யோசிச்சுட்டு இருக்கறேன்."

குமாஸ்தா குனிந்துகொண்டார். டாக்டரின் காது சிவந்தது. ராசாத்தாள் அவர் பதில் சொல்வதற்குக் காத்திருக்கவில்லை. மூலையில் பானை இருந்தது. தை மாதக் காலை. பானைத் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும் குளிர்ச்சியில் இருந்தது. ஆபீசரைக் கேட்காமல் ஒரு டம்ளர் மொண்டு மேஜைமேல் வைத்து, எல்லார் முன்னாலும் விரலை அதற்குள் விட்டாள். எண்ணிப் பத்து ஆவதற்குள் அவள் முகம் மாறியது. சத்தம் போடவில்லை. மேல் உதட்டில் வியர்வை முத்து முத்தாக வந்தது, குளிரில் வியர்வை. விரலை எடுத்து டாக்டர் முன்னால் நீட்டினாள். தொட்டுப் பாருங்க என்றாள்.

பாலகோபால் கோப்பிலிருந்து ஒரு குண்டூசியை உருவி, கூர் முனையை விட்டுவிட்டு அதன் தலையால் நகத்தின்மேல் அழுத்தினார். ஓரத்தில் அழுத்தினார், ஒன்றுமில்லை. நுனியில் அழுத்தினார், ஒன்றுமில்லை. பார்த்தீர்களா என்கிற மாதிரி ஆபீசரைப் பார்த்துக்கொண்டே, ஊசித் தலையை ஒரு நெல் அகலம் உள்ளே நகர்த்தினார். ராசாத்தாளின் வலது கை அவர் கன்னத்தில் பளாரென்று விழுந்தது. வலியால் தானாக விழுந்ததா, அந்த வலியைச் சாக்கிட்டு ஏழு வருஷத்துக் கோபம் விழுந்ததா என்பதை அவள் கடைசி வரைக்கும் யாருக்கும் சொல்லவில்லை. மேஸ்திரி துள்ளி எழுந்து, இதையும் எழுதிக்குங்க, அதிகாரியை அடிச்சது, எழுதிக்குங்க என்றார்.

"எழுதாதீங்க," என்றார் பாலகோபால்.

அவர் கன்னத்தைத் தடவவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நெல் அகலத்தில் ஒருத்தி மாறுவது நடிப்பில் வராது என்பது அவர் படித்த படிப்புக்கு அப்போதுதான் உறைத்தது. ராசாத்தாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த நூலை எடுத்தாள். இது சந்தையில் வாங்கியது, மில் நூல் இல்லை என்று மேஸ்திரிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அடிக்கணுவில் ஆறு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். விரல் வெளுத்தது. டாக்டர் அவளைச் சுவரைப் பார்த்துத் திரும்பச் சொன்னார். அவள் பார்க்காதபோது அதே புள்ளியில் அழுத்தினார். அவள் அசையவில்லை. இன்னும் அழுத்தினார். நூலை அவிழ்த்தார். விரல் சிவந்தது. தொட்டதும் அவள் கை மறுபடி தூக்கிக்கொண்டது. இந்தத் தடவை அவர் தயாராகப் பின்வாங்கினார். மூன்று தரம் கட்டினார், மூன்று தரம் அவிழ்த்தார். அந்தச் சோதனை அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிறகு விரலை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தின் அடிப்பக்கத்தில் நீலமாக ஒரு சின்ன நிழல் தெரிந்தது. அதற்கு மேலே நகத்தில் ஒரு மெல்லிய வரப்பு ஓடியது. பதினொரு தடவை டிஸ்பென்சரிக்கு வந்த நகம். அதை வெளிச்சத்தில் அவர் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"இது எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார்.

ராசாத்தாள் விரலை அவர் பிடியிலிருந்து உருவிக்கொண்டாள். உம்மல் குல்சும்தான் சொன்னாள்.

விசாரணையைத் தள்ளி வைத்தார்கள். பாலகோபால் அன்றைக்கே தன் பழைய புத்தகங்களைப் புரட்டி அதன் பெயரைக் கண்டுபிடித்தார். கிளோமஸ் கட்டி. மறுநாள் தன் கைப்படக் கடிதம் எழுதி, தன் காரிலேயே அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே சர்ஜன் பத்மாவதி விரலின் இரண்டு பக்கமும் ஊசி போட்டு மரக்கச் செய்து, நகத்தைப் பெட்டி மூடியைப்போல் தூக்கினார். உள்ளே சதையில் ஒரு சின்னக் குழி, அதில் கருஞ்சிவப்பாக ஒரு மணி. கத்தி நுனியால் நெம்பியதும் ஓடு விட்டு வரும் பருப்பைப்போல் முழுசாக வெளியே வந்தது. பத்மாவதி அதைப் பஞ்சின்மேல் வைத்து அவளிடமே காட்டினார்.

டாக்டரம்மாள் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கமாகவே சொன்னார். எல்லார் விரல் நுனியிலும் குளிருக்கும் சூட்டுக்கும் ரத்தத்தைத் திறந்து மூடுகிற சின்னச் சின்ன முடிச்சுகள் உண்டு. ரத்தக் குழாயும் சதையும் நரம்பும் பின்னிக்கொண்ட முடிச்சுகள். அதில் ஒன்று உங்களுக்கு அளவு தெரியாமல் வளர்ந்துவிட்டது. குளிர் பட்டால் அது இறுக்கும். ரத்தம் ஏறினால் உப்பும். மேலே நகம், கீழே எலும்பு, நடுவில் அதற்குப் போக இடம் கிடையாது, உள்ளே இருக்கிற நரம்பு நசுங்கும். கொழுப்புக் கட்டி பலாக்காய் அளவு வளர்ந்தாலும் பெரும்பாலும் வலிக்காது, மெத்தென்று இருக்கும், நரம்பைத் தொந்தரவு செய்யாது. இது நரம்பையே சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. நீங்கள் நூல் கட்டினீர்களே, ரத்தம் போகிற வழியை அடைத்தீர்கள், உப்பவில்லை, வலி நின்றது. இது யார் சொல்லிக் கொடுத்தது?

"மெஷினுங்க," என்றாள் ராசாத்தாள்.

பத்மாவதி சிரித்தார். பிறகு, இந்தக் கட்டி புற்று இல்லை, பரவாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது, சாதுவான ஜாதி என்றார். ராசாத்தாள் அந்தச் சாதுவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், முகம் பார்த்துப் பேசிய முதல் டாக்டர் என்பதால் விட்டுவிட்டாள்.

காயம் ஆறிக் கட்டுப் பிரித்த அன்று அவள் குழாயடியில் விரலைத் தண்ணீரில் விட்டாள். குளிர்ந்தது. வெறுமனே குளிர்ந்தது. தம்பிதுரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியது. தன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று தெரிந்ததும் அவள் குடத்தை அவன் கையில் கொடுத்துத் தூக்கி வரச் சொல்லிவிட்டு நடந்தாள்.

மாசிக் கடைசியில் மில்லில் கூப்பிட்டார்கள். லேபர் ஆபீசர் எழுந்து நின்றே வரவேற்றார். டைப் அடித்த காகிதம் தயாராக இருந்தது. ராசாத்தாள் பஞ்சாயத்து போர்டு பள்ளியில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். டாக்டரின் சர்டிபிகேட்டை முன்னிட்டும், முதல் தவறு என்பதாலும், நிர்வாகம் கருணையோடு மன்னித்து வேலையில் சேர்த்துக்கொள்கிறது. கீழே அவள் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது.

"எந்தத் தப்புங்க?" என்று கேட்டாள்.

ஆபீசர், அதெல்லாம் ஒரு சம்பிரதாயம் என்றார். நீ போட்டுட்டு மெஷினுக்குப் போம்மா என்றார். வெளியே நின்ற குல்சும் கதவிடுக்கில், போட்டுத் தொலை அக்கா என்று கையைக் காட்டினாள். கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே வேலை. போடாவிட்டால் என்ன ஆகும் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ராசாத்தாள் பேனாவைத் தொடவில்லை.

"திருடுனவளைத்தானுங்க மன்னிக்கோணும். நான் திருடலைங்க. டாக்டருங்க என்ன எழுதியிருக்கறாருன்னு படிங்க, கேக்கறேன்."

ஆபீசர் இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னார். நோயாளி உரிய காலத்தில் வைத்திய உதவியை நாடாததால் நோய் ஏழு வருஷம் நீடித்தது என்று அதில் ஒரு வரி இருந்தது. அவர் அதை வேகமாகத்தான் கடந்தார். அவள் நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு எழுந்து வீட்டுக்குப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து மஞ்சப்பையோடு திரும்பி வந்தாள். டிஸ்பென்சரிச் சீட்டைக் காட்டினால்தான் அரை நாள் லீவில் கையெழுத்துப் போடுவார்கள் என்பதால் அந்த மில்லில் யாரும் சீட்டை எறிவதில்லை. பதினொரு சீட்டையும் தேதி வாரியாக மேஜைமேல் பரப்பினாள். டாக்டரைக் கூப்பிடுங்க என்றாள்.

பாலகோபால் வந்தார். சீட்டுகளைப் பார்த்தார். எல்லாம் அவர் கையெழுத்து. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் படித்தார். களிம்பு, வைட்டமின், நரம்புத் தளர்ச்சி, நரம்புத் தளர்ச்சி. எட்டாவது சீட்டில் 'மூட நம்பிக்கை உள்ளவர்' என்று தான் எழுதியிருப்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. அதை அவர் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார். ராசாத்தாள் நின்றுகொண்டே இருந்தாள்.

"இனி என்ன எழுதணும்?" என்று கேட்டார்.

"நடந்ததை எழுதுங்க."

அவர் உட்கார்ந்து எழுதினார். நோயாளி ஏழு வருஷத்தில் பதினொரு முறை என்னிடம் வந்தார். நான் விரலைச் சோதிக்கவில்லை. வலியை நிறுத்த அவர் விரலில் நூல் கட்டியது வைத்திய ரீதியாகச் சரியானது. சர்டிபிகேட்டாக அது மானேஜர் மேஜைக்குப் போகும், அங்கிருந்து முதலாளி வீட்டுக்கும் போகும் என்பது தெரிந்தேதான் எழுதினார். தங்கப் பதக்கம் வாங்கிய ஆள். எழுதியதைப் படித்துப் பார்த்து ஒரு எழுத்துப் பிழையையும் திருத்தினார். அதைப் பார்த்த ஆபீசர் டைப் அடித்த காகிதத்தைக் கிழித்துவிட்டு, குற்றச்சாட்டு ஆதாரமற்றது, வாபஸ் பெறப்படுகிறது, வேலையில்லாமல் இருந்த நாட்கள் வேலை நாட்களாகவே கொள்ளப்படும் என்று வேறு அடித்துக்கொண்டுவரச் சொன்னார். மேஸ்திரிக்கு என்ன தண்டனை என்று அதில் ஒன்றும் இல்லை. கேட்டால், அது தனி விஷயம் என்றார். தனி விஷயங்கள் அந்த மில்லில் நிறைய உண்டு. ராசாத்தாள் காகிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வராந்தாவில் பாலகோபால் காத்திருந்தார். வைத்தியர்கள் கூடும் ஒரு சங்கத்தில் இந்த விரலைப் பற்றிப் பேசப்போகிறேன், நூல் கட்டியதையும் சொல்வேன், நீங்களும் வந்தால் நன்றாயிருக்கும் என்றார். முதல் தடவையாக 'நீங்கள்' என்றார். அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னும் கோபமா அம்மா? வலிதான் போயிருச்சே."

"ஆமாங்க, வலி போயிருச்சுங்க. அதை எடுத்தவிய பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா," என்றாள் ராசாத்தாள். "கோவத்துக்கு உங்ககிட்ட மருந்து இருந்தா எழுதிக் குடுங்க. பன்னண்டாவது சீட்டா வெச்சுக்கறேன்."

இரண்டாவது ஷிப்ட் சங்கு ஊதியது. குல்சும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். ராசாத்தாள் மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள், ஈரக்காற்றுக் குழாய்க்கு நேர் கீழே உள்ள அதே மெஷினுக்கு. அதை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கேட்க மறந்துவிட்டாள். அது நினைவுக்கு வந்ததும் அப்படியே திரும்பி ஆபீசர் அறையை நோக்கி நடந்தாள்.